எம்.ஏ.எஸ். முதல் பி.டி.என்.கே. வரை



சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு வரும் ரயிலில் ஏறுகிறவர்கள் தங்கள் டிக்கெட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். புறப்படும் நிலையத்துக்கு நேரே மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும்: எம், ஏ, எஸ். மெட்ராஸ் என்பதன் சுருக்கம் அது. மெட்ராஸ் சென்னையானது 1996-இல். அந்த நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் வந்தது 2019-இல். இத்தனைக்குப் பிறகும் ரயில்வே கணினிக்கு அது மெட்ராஸ்தான்.

மெட்ராஸ் மட்டுமா? திருச்சிக்கு டி.பி.ஜே. என்று போடுவார்கள், ட்ரிச்சினாப்போலி ஜங்ஷன். திருநெல்வேலி டி.இ.என்.; அது தின்னவேலி. தஞ்சாவூர் டி.ஜே., பழைய டாஞ்சூர் ஜங்ஷன். காஞ்சிபுரம் சி.ஜே., காஞ்சீவரத்தின் மிச்சம். மயிலாடுதுறை எம்.வி., மாயவரம். கன்னியாகுமரிக்கு சி-ஏ-பி-இ என்று நான்கு எழுத்து, கேப் கொமாரின் காலத்துக் கேப். நம் பெயர்ப்பலகைகளிலிருந்து இறக்கிவிடப்பட்ட வெள்ளைக்காரர் காலத்து ஸ்பெல்லிங்குகள் எல்லாம் ரயில்வே கணினிக்குள் போய்க் குடியேறிவிட்டன.

இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. டி.பி.ஜே. என்று அடித்தால் திருச்சி வந்துவிடுகிறது. ஸ்பெல்லிங் பழையது என்பதாலேயே தொல்லை வருவதில்லை. ஒரே ஊருக்கு ஒரே காலத்தில் இரண்டு மூன்று ஸ்பெல்லிங் நடமாடும்போதுதான் தொல்லை. அதற்கு நம் போடியையே எடுத்துக்கொள்ளலாம்.

போடிக்கு ரயில்வே கொடுத்த குறியீடு பி.டி.என்.கே. 1928-இல் வந்த மீட்டர்கேஜ் ரயில் 2010-ஆம் ஆண்டின் கடைசியோடு நின்றுபோய், அகல ரயிலாக 2023 ஜூன் 15 அன்று திரும்பி வந்தது. நிலையத்துப் பலகையில் தமிழில் போடிநாயக்கனூர். பக்கத்தில் ஆங்கிலத்தில், 'நாயக்க' என்னும் இடத்தில் 'கே' இரண்டு. ஊருக்குள் வந்து நகராட்சியின் ஆங்கிலப் பெயரைப் பார்த்தால் 'கே' ஒன்று. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏல மையத்திலும் ஒன்றுதான். பழைய காகிதங்களில் மூன்றாவது ஒன்றும் உண்டு: என்-ஏ-ஐ-சி-கே, 'நாயிக்'. திருமலை நாயக்கரையே 'நாயக்' என்று முடித்து எழுதியவர்களின் கைவண்ணம் அது. தமிழில் எழுதினால் இந்தச் சந்தேகம் எதற்கும் இடமில்லை. நாயக்கர் ஆண்ட பாளையம், நாயக்கனூர், க் போட்டு க. எழுதத் தெரிந்த எந்தக் குழந்தையும் சரியாக எழுதிவிடும்.

அப்படியானால் ஆங்கில எழுத்து எதற்கு என்று கேட்கலாம். அதற்கு விடை போடிமெட்டில் இருக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போய்ச் சேர்ந்தால் சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் கேரளம். அதுவரை தமிழில் இருந்த பலகைகள் மலையாளத்துக்கு மாறிவிடும். காலையில் தேவாரம் என்ற ஊரிலிருந்தும் போடியிலிருந்தும் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்குப் போகும் ஜீப் டிரைவர் மலையாளம் சரளமாகப் பேசுவார். படிக்கச் சொன்னால் பலருக்கு வராது. அந்தப் பக்கத்திலிருந்து சந்தைக்கு இறங்கிவரும் மலையாளத் தோட்டக்காரருக்கு நம் எழுத்தும் அப்படியே. இருவரும் சேர்ந்து படிக்கக்கூடிய எழுத்து மலைமேல் ஒன்றே ஒன்று, அது ஆங்கிலம். லண்டன்காரருக்காக அல்ல, கேரளப் பக்கத்துப் பூப்பாறைக்காரருக்கும் போடிக்காரருக்கும் நடுவே பாலமாகத்தான் அது அங்கே நிற்கிறது.

அந்தப் பாலத்தில் ஓட்டைகள் நிறைய. பூப்பாறையை ஒரு பலகையில் ஒற்றைப் 'ப' போட்டும் இன்னொன்றில் இரட்டை போட்டும் எழுதுகிறார்கள். சாந்தன்பாறை ஓரிடத்தில் 'ச', ஓரிடத்தில் 'ஷ'. உடும்பன்சோலையின் 'சோலை' மலையாள வாய்வழி போய் ஆங்கிலத்தில் 'சோலா' ஆகிவிட்டது. பீர்மேட்டின் பழைய ஸ்பெல்லிங்கை ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் வாசித்தால் 'மேடு' போய் 'மேட்' வந்துவிடும், ஏதோ தொழிற்சாலையில் செய்த சரக்கு மாதிரி. 'ஞ' என்ற எழுத்து நமக்கு 'ஜி-என்'. ஞானம் என்று பெயர் வைத்தவர்களைக் கேட்டால் தெரியும். மலையாளத்தில் அதுவே 'என்-ஜே'. இந்த மலையில் பரவலாகப் பயிராகும் ஞள்ளானி ஏலக்காயை ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், புதிதாகப் பார்க்கும் தமிழர் 'என்ஜல்லானி' என்றுதான் தடுமாறுவார்.

ஊர்ப்பெயரை வேற்று எழுத்தில் எழுதும் இந்தப் பாட்டை நம்மைவிடப் பெரிய அளவில் பட்ட நாடு சீனா. அவர்கள் எழுத்து ஒலியைக் காட்டும் எழுத்து அல்ல. ஒரே எழுத்தை வடக்கே ஒருவிதமாகவும் தெற்கே வேறுவிதமாகவும் வாசிப்பார்கள். கப்பலில் வந்த வெள்ளைக்காரர் அந்தந்தத் துறைமுகத்தில் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார். அப்படித்தான் தென்கடற்கரையில் அமாய், சுவாட்டோ, காண்டன் எல்லாம் பிறந்தன. தலைநகர உச்சரிப்பில் அவை ஷியாமென், ஷாந்தோ, குவாங்ஜோ. இதற்குமேல் தாமஸ் வேட் என்ற பிரிட்டிஷ் தூதர் ஒரு முறையை உண்டாக்க, ஹெர்பர்ட் ஜைல்ஸ் 1892-இல் வெளியிட்ட அகராதியில் அதைச் செம்மைப்படுத்தினார். மூச்சை அழுத்தி விடும் ஒலிக்கும் விடாத ஒலிக்கும் அவர்கள் ஒரே எழுத்தை வைத்தார்கள். வேறுபாடு காட்ட மேலே ஒரு சிறு கொக்கி. அச்சுக் கோப்பவர்கள் கொக்கியை விட்டுவிட்டார்கள். விளைவு, பாதிப் பெயர்கள் தப்பும் தவறுமாக உலகம் சுற்றின. 'க'வுக்கும் அதன் மெல்லிய ஒலிக்கும் ஒரே எழுத்து வைத்திருக்கும் நமக்கு அவர்கள் அவஸ்தை நன்றாகவே புரியும்.

1906-இல் ஷாங்காயில் தபால், தந்தித் துறையினர் கூடி, இன்ன ஊருக்கு இன்ன ஸ்பெல்லிங் என்று முடிவுகட்டினார்கள். பீகிங், நான்கிங், டியன்ட்சின் எல்லாம் தபால் முத்திரையில் நிலைபெற்றது அப்படித்தான். அதே 1906-இல் பிறந்தவர் ஜோ யூகுவாங். படித்தது பொருளாதாரம். 1950-களில் அவரைக் கூப்பிட்டு எழுத்துச் சீர்திருத்தக் குழுவில் உட்காரவைத்தது சீன அரசு. 'பின்யின்' என்ற ரோமன் எழுத்து முறை அந்தக் குழுவில் உருவாகி 1958-இல் சட்டமாயிற்று. 1977-இல் ஐ.நா.வின் இடப்பெயர் மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. 1979 ஜனவரி 1 முதல் சீன அரசின் அயல்மொழி வெளியீடுகளில் பின்யின்தான். பீகிங் பெய்ஜிங் ஆயிற்று, நான்கிங் நான்ஜிங் ஆயிற்று. ஜோ யூகுவாங் 2017-இல் தம் 111-ஆம் வயதில்தான் கண்ணை மூடினார். பழைய ஸ்பெல்லிங் நிலைபெற்ற ஆண்டில் பிறந்து, அது மறைந்ததையும் பார்த்துவிட்டுப் போன ஆயுசு.

வானொலிக்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. சிற்றலையில் 1963 ஆகஸ்ட் 1 முதல் தமிழ் பேசிய அந்த நிலையத்தைப் பழைய நேயர்கள் பீகிங் வானொலி என்றே அறிவார்கள். 1980-களில் அது பெய்ஜிங் வானொலியாகி, பிறகு சீன வானொலி ஆகிவிட்டது. நம் தமிழ்ப் பத்திரிகைகளும் சத்தமில்லாமல் பீகிங்கைக் கைவிட்டன.

சீனாவுக்கு இது எப்படி முடிந்தது? கண்டிப்பான அரசு, சொன்னால் நடக்கும் என்று ஒரு விடை சொல்வார்கள். அது பாதி விடை. மறுபாதி, பின்யின் ஆங்கிலக்காரருக்காகச் செய்யப்பட்டதே அல்ல. முதல் வகுப்புச் சீனக் குழந்தை உச்சரிப்புப் பழகுவதற்காகச் செய்தது. அதனால் அதில் ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற விதி இருந்தது. 'க்யூ' என்றால் கிட்டத்தட்ட 'ச்ச', 'எக்ஸ்' என்றால் கிட்டத்தட்ட 'ஷ'. ஆங்கிலக்காரர் காதுக்கு இது ஒத்துவருமா என்று அவர்கள் கவலைப்படவில்லை. வேண்டுமானால் கற்றுக்கொள் என்று விட்டுவிட்டார்கள். குவாங்ஜோவில் வரும் 'இசட்-எச்' அவர்களுக்கு 'ஜ' போன்ற ஒலி. தமிழர் கண்ணில் அது பட்டால் 'ழ'தான். தமிழும் ஆலப்புழையும் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. 'குவாங்ழோ' என்று வாசித்துவிட்டுச் சீனாவில் இவ்வளவு நல்ல ழகரமா என்று வியந்தவர்களும் இருப்பார்கள்.

நமக்கு விதியே இல்லாமல் போகவில்லை. வில்லியம் வில்சன் ஹன்ட்டர் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1870-களில் இந்திய ஊர்ப்பெயர்களுக்கு ஒரு முறை வகுத்தார். இந்திய நில அளவைத் துறை இன்றைக்கும் அடிப்படையில் அதைத்தான் பின்பற்றுகிறது. அதற்கு முன்னால் ஆங்கிலேயர் நம் குறில் அகரத்தை 'யூ' எழுத்தால் எழுதினார்கள். பஞ்சாப் அப்படி வந்ததுதான். ஹன்ட்டர் வந்து, அகரத்துக்கு இனி 'ஏ' எழுத்து மட்டுமே என்றார். ஆனால் நீண்ட நாள் புழக்கத்தில் ஊறிப்போன பெயர்களைத் தொடவேண்டாம் என்று ஒரு வாசலையும் திறந்துவைத்தார். அந்த வாசல் வழியாகத் தப்பியவற்றில் ஒன்று நம் பக்கத்து ஊர். கம்பத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்: சி-யூ-எம்-பி-யூ-எம். இரண்டு அகரத்துக்கும் இரண்டு 'யூ'. ஆந்திரத்தில் இன்னொரு கம்பம் இருக்கிறது. அதற்கும் அச்சு அசலாக இதே எழுத்து. கம்பனியார் காலத்துக் காது கேட்ட மாதிரியே இரண்டும் 150 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பதிவேட்டில் ஏறியதும் அந்த 'யூ' கம்பம்தான். வழக்கொழிந்த ஸ்பெல்லிங்குக்கு நம் காலத்தில் புதிதாகச் சட்டப் பாதுகாப்பே கிடைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்தும் முயற்சியும் நடந்தது. 2020 ஏப்ரல் 1 தேதியிட்ட ஓர் அரசாணை. 1,018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் மாற்றி எழுதச் சொன்னது. ஜூன் 10 வாக்கில் அது வெளியே வந்தது. ஊரடங்கில் வீட்டில் அடைந்துகிடந்த மக்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. கோயம்புத்தூருக்கு முன்பு 10 எழுத்து போதும், புதிய பட்டியலில் 14 எழுத்து. வேலூரின் ஏகாரத்துக்கு 'இ' எழுத்தை இரண்டு முறை போட்டார்கள். ஆங்கிலம் படித்த யாரும் அதை 'வீலூர்' என்றுதான் படிப்பார். திண்டுக்கல்லின் தொடக்கம் 'டி-எச்' ஆனது. நமக்கு அது 'த'. வட இந்தியர் 'த'வுக்கு 'டி' மட்டும் போடுவார். 'எச்' சேர்ந்தால் மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லும் வேறொரு ஒலி. அவர் வாயில் திண்டுக்கல் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இவற்றைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. அந்தப் பட்டியலில் எழும்பூரும் இருந்தது, கோயம்புத்தூரும் இருந்தது. இரண்டிலும் 'ம்' எழுத்துக்குப் பின்னால் பகரம் வருகிறது, இரண்டிலும் நாம் அதை மெல்லத்தான் ஒலிக்கிறோம். எழும்பூருக்குப் பம்பாயின் 'பி' போட்டார்கள். கோயம்புத்தூருக்குப் பாரிஸின் 'பி' போட்டார்கள். ஒரே பட்டியலுக்குள் ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்து. விதி இல்லாமல் காதை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். மாவட்டத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு காது. ஜூன் 18 அன்று அரசாணை திரும்பப் பெறப்பட்டது. தமிழ் வளர்ச்சித் துறை அமைச்சராக இருந்த க. பாண்டியராஜன் அதை அறிவித்தார். கேலி செய்தவர்கள் தமிழுக்கு எதிரிகள் அல்ல. தமிழ் ஒலி சரியாக வரவில்லை என்றுதான் கேலி செய்தார்கள்.

புலவர்களிடம் விதி இல்லையா என்றால், இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ஒரு முறையை வைத்திருக்கிறது. 2001-இல் வந்த பன்னாட்டுத் தர நிர்ணயமும் ஒன்று இருக்கிறது. நெடிலுக்கு மேலே கோடு, டகரத்துக்குக் கீழே புள்ளி, றன்னகரத்துக்கு அடிக்கோடு. போடிநாயக்கனூரை அப்படி எழுதினால் ஓர் ஒலியும் கெடாது. ஆனால் பேருந்துப் பலகையில் பெயின்ட் அடிக்கிறவரிடம் அதைக் கொடுத்தால் புள்ளியையும் கோட்டையும் அழுக்கு என்று துடைத்துவிடுவார். வேட்டின் கொக்கிக்கு நேர்ந்த கதிதான் இதற்கும்.

இனி ஏலக்காய்க்கு வருவோம். பழைய ஸ்பெல்லிங் எங்கே உயிர்வாழ்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மலையில் பறித்த பச்சைக் காய் ஸ்டோரில் உலர்ந்து, மூட்டையாகிப் போடிக்கு இறங்குகிறது. இங்கே கிட்டங்கிகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பிரிக்கிறார்கள். சல்லடையில் நிற்பது ஒரு பக்கம், விழுவது ஒரு பக்கம். வெடித்த காயும் வெளுத்த காயும் கையால் பொறுக்கித் தனியே போகும். பேச்சில் எல்லாம் மில்லிக் கணக்கு: ஏழு மில்லி, எட்டு மில்லி. ஆனால் அக்மார்க் தரப்பட்டியலில் 7 மில்லிமீட்டர் காயின் பெயர் ஏ.ஜி.இ.பி. விரித்தால் 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட்'. 6 மில்லிமீட்டர் என்றால் 'ஆலப்பி கிரீன் போல்ட்'.

ஆலப்பி என்பது ஆலப்புழை. கடலோரம், காயலோரம் இருக்கும் ஊர். அங்கே ஒரு ஏலச்செடி கூட விளையாது. திருவிதாங்கூர் அரசு ஏலக்காயைத் தன் ஏகபோகமாக வைத்திருந்த காலத்தில், இந்த மலையின் சரக்கு ஆலப்புழைப் பண்டகசாலைக்குப் போய் அங்கே விலைபோனது. விற்ற துறைமுகத்தின் பெயர் விளைந்த மலையின் பெயரை மறைத்துவிட்டது. கேரள அரசு 1990-இல் ஆலப்பியை ஆலப்புழை என்று திருத்தியது. ஏலக்காய் மட்டும் திருந்தவில்லை. இதற்கான புவிசார் குறியீடும் 'ஆலப்பி கிரீன் கார்டமம்' என்றே பதிவாகியிருக்கிறது. வளைகுடாவில் இருக்கும் வியாபாரிக்கு ஆலப்பி ஓர் ஊர் அல்ல, பச்சை நிறமும் பருமனும் சேர்ந்த ஒரு தரம். ஊர் தலைச்சேரியாக மாறிய பின்னும் உலகச் சந்தையில் மிளகு 'டெல்லிச்சேரி'யாகவே இருக்கிறது. பெய்ஜிங்கில் சாப்பிட்டாலும் 'பீகிங் வாத்து'தான். 1903-இல் தொடங்கிய சிங்தாவ் பீர் ஆலை பழைய தபால் ஸ்பெல்லிங்கையே இன்றும் புட்டியில் ஒட்டுகிறது. பீகிங் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தில் அந்தப் பெயரை விடவில்லை, நம் மெட்ராஸ் ஐ.ஐ.டி.யும் மெட்ராஸ் ஐகோர்ட்டும் விடாதது போலவே.

இவற்றையெல்லாம் மாற்றத் துடிக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. சரக்கின் பெயர் சரக்குக்கு, ஊரின் பெயர் ஊருக்கு. ஆலப்பி என்ற சொல்லை அழித்தால் போடிக்கு ஒரு ரூபாய் கூட அதிகம் கிடைக்காது, குறைய வாய்ப்புண்டு.

திருத்த வேண்டியது போடியின் ஒற்றை 'கே', இரட்டை 'கே' விவகாரத்தைத்தான். தபால் துறை இந்தச் சண்டையிலிருந்து எப்போதோ கழன்றுகொண்டது. 1972 ஆகஸ்ட் 15-இல் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் கொண்டுவந்த பின்கோடு முறையில் 625513 என்று எழுதினால் எத்தனை 'கே' போட்டாலும் கடிதம் போடிக்கு வந்துவிடும். ஆனால் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரை எண்ணால் எழுத முடியாது. வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்றிதழ், தோட்டத் தொழிலாளியின் வருங்கால வைப்புநிதிக் கணக்கு என்று ஒவ்வொன்றிலும் ஊர் ஒவ்வொரு மாதிரி இருந்தால், ஆளைச் சந்தேகிப்பது கணினிதான். அதனிடம் போய் இரண்டும் ஒரே ஊர் என்று வாதாட முடியாது.

பெயரை முறைப்படி மாற்றுவதும் சுலபமல்ல. மத்திய உள்துறை 1953-இல் வகுத்த நெறிமுறை இருக்கிறது. ரயில்வே, தபால், நில அளவை ஆகிய துறைகள் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே புதிய பெயர் வைக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கும் இரண்டில் ஒன்றை எல்லா அலுவலகமும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். நாயக்கனூரில் ஒற்று இருக்கிறது. ஆகவே இரண்டு 'கே'. ரயில்வே அதை ஏற்கெனவே சரியாகத்தான் எழுதுகிறது. நகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்பினால் வேலை தொடங்கிவிடும்.

அதுவரை நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2023 அக்டோபர் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது, பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் சான்று. ஆகவே வீட்டில் குழந்தை பிறந்திருந்தால் சான்றிதழை வாங்கிய கையோடு ஊரின் ஆங்கில ஸ்பெல்லிங்கைப் பாருங்கள். அதில் எத்தனை 'கே' இருக்கிறதோ, பள்ளியில் சேர்க்கும்போதும் ஆதார் எடுக்கும்போதும் அத்தனையே எழுதுங்கள்.